முஷ்டியில் பென்சில், நோட்டில் ஒரு பக்கம் ‘அ’

5 அக்டோபர் 2025 | கேள்வி: பெரம்பூர் வாசகி

பையனுக்கு மூணு வயசு எட்டு மாசம். வியாழக்கிழமை விஜயதசமிக்குத் தாம்பாளத்துல பச்சரிசி பரப்பி ‘அ’ எழுத வெச்சோம். எல்.கே.ஜி. மிஸ் தினமும் ஒரு பக்கம் ‘அ’ எழுதிட்டு வரச் சொல்றாங்க. பென்சிலை முஷ்டியில பிடிக்கிறான், நாலு வரி தாண்டினா அழுகை. நான் கையைப் பிடிச்சு எழுத வெச்சா பக்கம் முடியுது, விட்டா கோழி கிளறின மாதிரி. மாமியார் “அ-லேர்ந்து ஔ வரைக்கும் கடகடன்னு சொல்றான், எழுத மட்டும் சோம்பேறித்தனம்”ங்கிறாங்க. நிஜமாவே சோம்பேறித்தனமா? கையைப் பிடிச்சு எழுத வெக்கலாமா?

5 அக்டோபர், இரவு | மழலை வகுப்பு, மயிலை

சோம்பேறித்தனம் இல்லை. வாய்க்கு ‘அ’ தெரியும், கைக்குத் தெரியாது. எழுத்தை அறிவது ஒரு வேலை, வரைவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதால்தான் நாலாவது வரியில் அழுகை.

பார்த்துக் கோடு போடும் திறமைக்கு ஒரு வரிசை உண்டு. நின்ற கோடு 2 வயதுவாக்கில் வரும், படுத்த கோடு 2½, வட்டம் 3, கூட்டல் குறி 4, சதுரம் 4½, பெருக்கல் குறியும் முக்கோணமும் 5-ஐ ஒட்டி. குழந்தைக்குக் குழந்தை ஆறு மாதம் முன்னே பின்னே இருக்கும். இப்போது ‘அ’வைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு சுழி, அங்கிருந்து இறங்கி வளைந்து மேலேறும் வயிறு, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் ஒரு கம்பு. ஐந்து வயதுக் கை செய்ய வேண்டியதை மூன்றே முக்கால் வயதுக் கையிடம் கேட்கிறோம்.

கையைப் பிடித்து எழுதவைத்தால் குழந்தையின் கை தளர்ந்துவிடும், கண் ஜன்னல் பக்கம் போய்விடும். பக்கம் நிறையும், ஆனால் எழுதியது நீங்கள்தான். அரிசியில் ஒரு நாள் சடங்குக்குச் செய்ததில் தப்பே இல்லை. தினமும் வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: உங்கள் கைமேல் அவன் கை. நீங்கள் எழுத அவன் கூடவே சவாரி வரட்டும். அப்போது கண் நுனியைப் பின்தொடரும்.

மிஸ்ஸுக்கு டைரியில் எழுத ஒரு வரி: “முதல் வரி மட்டும் பெரிதாக எழுதினான், மீதியை விரலால் தடவிச் சொன்னான்.” பெரும்பாலான டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்கள். பக்கத்தை நிரப்பச் சொல்வது பல இடங்களில் டீச்சரின் விருப்பமே இல்லை, நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோருக்காகத்தான்.

முஷ்டிப் பிடி இந்த வயதில் சகஜம். கவலை வேண்டாம்.

7 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் பயன்படட்டும், இங்கேயே போடுகிறேன். கடையில் வாங்க எதுவும் இல்லை.

கொத்தமல்லி இலை கிள்ளச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை உருவுவதும் இதுவும் ஒன்றல்ல. உருவும்போது மொத்தக் கையும் இழுக்கிறது, கிள்ளும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்கின்றன. நமக்கு வேண்டியது கிள்ளல். பட்டாணி உரிப்பதும் நல்லது. கொடியில் கைக்குட்டைக்குக் கிளிப் போட விடுங்கள், ஒரு தடவைக்கு ஐந்தாறு கிளிப் போதும். கிளிப்பை உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் பயனில்லை, விரல் நுனியில் பிடிக்க வேண்டும். இங்க் ஃபில்லரில் தண்ணீர் உறிஞ்சி பாட்டில் மூடிகளில் நிரப்பும் விளையாட்டு பத்து நிமிடம் தாங்கும்.

மாவு: கோதுமை மாவு 1 கப், உப்பு கால் கப், எண்ணெய் 1 டீஸ்பூன், தண்ணீர் அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். உப்பு போடுவது மாவு சீக்கிரம் கெடாமலிருக்கவும், ஒரு தடவை வாயில் வைத்தவன் மறுபடி வைக்காமலிருக்கவும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளே பிசுபிசுக்கும். டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுக்கும்போது ஒரு சிட்டிகை உலர்ந்த மாவு. பென்சில் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, அதை வளைத்து எழுத்து செய்யலாம். அழிப்பதற்கு ரப்பர் தேவைப்படாத எழுத்து.

முழுப் பென்சிலை எடுத்து உள்ளே வையுங்கள். சாக்பீஸை ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்கவே முடியாது, மூன்று விரல் தானாகச் சேரும். “இப்படிப் பிடி, அப்படிப் பிடி” என்று நூறு தடவை சொல்வதை ஒரு துண்டு சாக்பீஸ் செய்துவிடும்.

அப்புறம், ஸ்லேட்டை மடியில் படுக்கப் போடாமல் கண் உயரத்துக்குச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். செங்குத்தான பரப்பில் எழுதினால் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி நிற்கும். எழுத்துக்குத் தேவையான நிலை அதுதான்.

8 அக்டோபர் | ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் நிபுணர்), அண்ணா நகர்

மேலே உள்ளதில் மூன்று திருத்தம்.

முஷ்டிப் பிடி “சகஜம்” என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். மூன்று வயதுக்குப் பல குழந்தைகள் விரல்கள் கீழ்நோக்கிய பிடிக்கு வந்துவிடுவார்கள். மூன்றரை, நான்கில் மூன்று விரல் பிடி, ஆனால் கை முழுவதும் சேர்ந்து நகரும். விரல்கள் மட்டும் தனியாக அசைவது நான்கரைக்கு மேல், ஆறுக்குள். நான்கரையிலும் முஷ்டிதான் என்றால் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, விரலிலிருந்து தொடங்கியது. எழுத்து தோளில் தொடங்குகிறது. தோள் உறுதியாக நிற்காவிட்டால் விரல் எதைப் பிடித்துக்கொண்டு அசையும்? மொட்டை மாடிச் சுவரில் வாளித் தண்ணீரும் இரண்டு அங்குல பெயின்ட் பிரஷும் கொடுத்து மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகப் “பெயின்ட்” அடிக்க விடுங்கள். தரையில் யானை மாதிரி நாலு காலில் ஹாலைச் சுற்றி வரட்டும். இதெல்லாம் முதலில், கிளிப்பும் ஃபில்லரும் பிறகு.

மூன்றாவது, கிள்ளவும் பொறுக்கவும் புளியங்கொட்டை, சோழி, கொண்டைக்கடலை என்று இறங்குவதற்கு முன்னால்: மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் தம்பி தங்கை அதே அறையில் இருந்தால் வேண்டவே வேண்டாம். பல்லாங்குழி அருமையான விரல் பயிற்சிதான், பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

பிள்ளையின் மணிக்கட்டில் எட்டு எலும்பும் இந்த வயதில் முழுதாக உருவாகியிருக்காது. கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே ஒன்பது வயதுக்கு மேல் ஆகும். அதற்காக ஒன்பது வயது வரை எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்து மட்டும் வேண்டாம்.

8 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

தோள் விஷயம் சரி. வரிசையை மாற்றிக்கொள்கிறேன்: மாடி, சுவர், மாவு, கிள்ளல், சாக்பீஸ்.

9 அக்டோபர் | பெரம்பூர் வாசகி

தண்ணி பெயின்ட் சூப்பர் ஹிட். காயறதுக்குள்ள அடுத்தது அடிக்கணும்னு ஓடறான். ஒரு டவுட்: இடது கையிலதான் பிரஷ் எடுக்கிறான். விஜயதசமிக்கு வலது கையால எழுத வெச்சோம். மாத்தணுமா? “பீச்சாங்கை”ன்னு வீட்டுல ஒரே பேச்சு.

9 அக்டோபர் | ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அண்ணா நகர்

மாற்றாதீர்கள். எந்தக் கை என்பது நிலைப்பட நான்கைந்து வயதாகும். பொருளை எப்போதும் நடுவில் வையுங்கள், அவனே எடுக்கட்டும். இடது கை என்று உறுதியானபின் மூன்று ஏற்பாடு போதும்: நோட்டு உடலின் நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், நோட்டின் மேல் விளிம்பு வலப்பக்கமாகச் சாய்வு, பென்சிலை நுனியிலிருந்து 2, 3 செ.மீ. மேலே பிடிப்பது. இல்லாவிட்டால் எழுதியதைக் கையே மறைக்கும், அதைப் பார்க்க மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொள்வான். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. சாப்பாடு எந்தக் கையில் என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, நான் வரவில்லை.

12 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். படிப்பு காதில் தொடங்குகிறது.

சொல்லை வெட்டிக் கைதட்டும் விளையாட்டு: அம்-மா, இரண்டு தட்டு. ப-டம், இரண்டு. வா-ழைப்-ப-ழம், நான்கு. மூன்றரை வயதுக் குழந்தைக்கு இது ஒரு வாரத்தில் வரும். அடுத்து முதல் துண்டை ஒளித்துவைப்பது: “‘வானம்’ல ‘வா’வைத் தூக்கிட்டா?” “னம்!” விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்கு அடுத்து சொல் சங்கிலி, கடைசி எழுத்தில் அடுத்த சொல்: மரம் என்றால் ‘ம’, மலை என்றால் ‘லை’யில் முட்டிக்கொள்ளும், அப்போது ‘ல’ என்று தளர்த்திக்கொள்ளலாம்.

ஒரு தினுசான தவறு: “கீரை எதில் தொடங்குகிறது? ‘க்’ சொல்லு” என்று நான்கு வயதில் கேட்பது. அவன் காதுக்கு அது ‘கீ’யில் தொடங்குகிறது, அவன் சொல்வது சரி. க் + ஈ = கீ என்று பிரிப்பது ஐந்தரைக்கு மேல், எழுத்துகள் கொஞ்சம் கைவசம் ஆனபிறகு. ஆங்கில ஃபோனிக்ஸ் (ஒலி ஒலியாகப் பிரித்துப் படிக்கும் முறை) வகுப்பில் செய்வதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் இங்கேதான் இடறும்.

14 அக்டோபர் | ஒன்றாம் வகுப்பு டீச்சர், வியாசர்பாடி

மயிலை மேடம், உங்க கைதட்டல் எங்க வகுப்புக்கு வரும்போது ஒரு பிரச்சினையா வந்து நிக்குது. ‘அம்மா’வுக்கு ரெண்டு தட்டு தட்டிப் பழகின புள்ளை எழுதும்போது ‘அமா’ன்னு ரெண்டு எழுத்துதான் போடுது. ‘பட்டம்’ எழுதச் சொன்னா ‘படம்’. காதுக்கு ரெண்டு, நோட்டுக்கு மூணு, நாலு. டிக்டேஷன்ல விழுற தப்புல நிறைய இந்தப் புள்ளி எழுத்துதான்.

14 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

ஒப்புக்கொள்கிறேன். காதுக்குக் கேட்கும் துண்டு (அசை) எண்ணிக்கை வேறு, எழுத்து எண்ணிக்கை வேறு என்பதை எழுதாமல் விட்டேன். தட்டலைத் தூக்கிப்போட வேண்டாம், வயதுக்குத் தக்கபடி இரண்டாகப் பிரிக்கலாம்.

நான்கரை வரைக்கும் அசைத் தட்டல். ஐந்தை நெருங்கும்போது மாத்திரைத் தட்டல், அதாவது எழுத்து ஒலிக்கும் நேர அளவுக்குத் தட்டுவது. இலக்கணம் கொடுத்த கணக்கே கைக்குப் பொருந்துகிறது: குறில் 1, நெடில் 2, மெய் அரை. குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டி, சேர்ந்த கையைப் பிரிக்காமல் முன்னால் இழு. மெய்க்குத் தட்டாதே, கையை மூடு.

படம்: தட்டு, தட்டு, மூடு.
பாடம்: இழு, தட்டு, மூடு.
பட்டம்: தட்டு, மூடு, தட்டு, மூடு.
அம்மா: தட்டு, மூடு, இழு.

மூன்று சொல்லும் ஒரே நாளில் வேண்டாம். முதல் வாரம் படம், பாடம் மட்டும். குறிலும் நெடிலும் காதில் பிரிந்தபிறகு பட்டம். கை மூடும் இடத்தில் புள்ளி என்பதை அப்புறம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

15 அக்டோபர் | ஒன்றாம் வகுப்பு டீச்சர், வியாசர்பாடி

மூணுன்னு எழுதி நாலு சொல் போட்டிருக்கீங்க 🙂 கணக்கு டீச்சர் பார்த்தா போச்சு. ஆனா இது வேலை செய்யும், இன்னிக்கே ‘பக்கம்’, ‘பாகம்’ வெச்சுப் பார்த்துட்டேன்.

18 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

எந்த எழுத்து முதலில் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

அ முதல் ஔ வரை சொல்வது பாட்டாக இருக்கட்டும், தப்பில்லை. எழுதவும் படிக்கவும் அந்த வரிசை உதவாது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் தலையில்தான் வரும். பன்னிரண்டையும் ஆறு மாதம் உட்கார்ந்து முடித்த குழந்தை அவற்றை மட்டும் வைத்துப் படிக்கக்கூடிய சொற்கள்: ஆ, ஈ. அதாவது ஒரு மாடு, ஒரு ஈ. கொஞ்சம் இழுத்தால் ‘ஐ!’ என்று சந்தோஷப்படலாம். எழுதுவதற்கு மிகவும் சுலபமானது ஃ, மூன்று புள்ளி. அதைப் பயன்படுத்த ‘எஃகு’ வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அதனால் வடிவ வரிசை. ட: மேலிருந்து கீழே, கை எடுக்காமல் வலப்பக்கம். நின்ற கோடும் படுத்த கோடும், இரண்டும் மூன்று வயதுக் கைக்குத் தெரிந்தவை. ப: அதே ட, முடிவில் மேலே ஏற்று. ம: ப-வின் வலது கம்பை மேலேற்றி, இடப்பக்கம் வளைத்து, அடிக்கோட்டில் இறக்கு. பிறகு ர, க. கூடவே ா, புள்ளி. ஐந்து எழுத்து, ஒரு கால், ஒரு புள்ளி, அவ்வளவே. இதற்குள் கிடைப்பவை: படம், பட்டம், மடம், மாடம், பாடம், மரம், காரம், காகம், பாகம், பக்கம், கட்டம், மாமா, பாப்பா. அடுத்து ல, த, வ, ன: பல், பால், கால், மலர், தாத்தா, வானம். தீபாவளி திங்கட்கிழமை, ‘பலகாரம்’ கூட வந்துவிட்டது, ஐந்து எழுத்துச் சொல்!

‘ட’வைச் சொல்லின் நடுவில் வைத்தே அறிமுகம் செய்யுங்கள். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது. ஆனால் சென்னைப் பிள்ளைக்கு டம்ளர், டயர், டீ எல்லாம் தெரியும், கேட்டால் புலவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ‘ப’வுக்குப் பந்து, பல் என்று காட்டுங்கள், பஸ் வேண்டாம். ஒலி வேறு. காகத்தில் முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி ஒலிப்பதை விளக்கவே வேண்டாம். தெரிந்த சொல் என்பதால் வாய் தானே திருத்திக்கொள்ளும்.

19 அக்டோபர் | ஒன்றாம் வகுப்பு டீச்சர், வியாசர்பாடி

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003-ல செயல்வழிக் கற்றல் வந்தப்பவே அ, ஆ வரிசையை விட்டு வெளியே வந்தாச்சு. 2007-ல மாநிலம் பூரா போச்சு. 2022-லேர்ந்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளை நிக்கிற நிலையைப் பார்த்துச் சொல்லிக் குடுக்கிறோம். ஒரே வகுப்புல மூணு நிலையும் இருக்கும்.

மேடம் விட்டது: கொம்பு. ‘கெ’ எழுதும்போது கண்ணு முதல்ல கொம்பைப் பார்க்குது, காது முதல்ல ‘க்’ கேக்குது. புள்ளைங்க கேட்ட வரிசையிலேயே எழுதும், கொம்பு ‘க’வுக்குப் பின்னால நிக்கும். அது அலட்சியம் இல்லை, காது நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அட்டையில ெ தனியா, ‘க’ தனியா வெட்டி, ‘க’வை முதல்ல வெச்சுட்டு, “கொம்பு வண்டி முன்னாடி வந்து நிக்கும்”னு இடப்பக்கம் ஒட்ட வையுங்க. ொ, ோ ரெண்டு பக்கமும் காவல், அது ெ, ே, ா மூணும் தெரிஞ்சப்புறம்தான்.

என் வரிசை: ா, அப்புறம் ி ீ, அப்புறம் ெ ே ை, கடைசியா ு ூ. கு, சு, டு, து, பு, மு ஒவ்வொண்ணும் வேற வேற உருவம், விதி போட முடியாது.

20 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

கடைசியில் ு என்பதில் ஒரு சங்கடம். வீடு, பாட்டு, காது, பந்து, நாக்கு… குழந்தைக்குத் தெரிந்த பாதிச் சொல் உகரத்தில் முடிகிறது. டு, து, கு மூன்றை மட்டும் முன்கூட்டியே முழு உருவமாக, பிரிக்காமல், காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

20 அக்டோபர் | ஒன்றாம் வகுப்பு டீச்சர், வியாசர்பாடி

சரி, ஆனா ‘டு’க்கும் ‘து’வுக்கும் நடுவுல ஒரு வாரம் இடைவெளி விடுங்க. ஒரே நாள்ல குடுத்தா ரெண்டும் கலந்துபோகும். ல-ள, ர-ற, ன-ண எல்லாத்துக்கும் இதே விதிதான், ஜோடியா அறிமுகம் பண்ணாதீங்க. ஒண்ணு கெட்டியானப்புறம் இன்னொண்ணு. ரெண்டு சுழி, மூணு சுழி பஞ்சாயத்து ரெண்டாம் வகுப்புல பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு, தாத்தா பாட்டி சொல்லிக் குடுக்கிற வீடுகளுக்கு. 1978 சீர்திருத்தத்துல 13 எழுத்து உருவம் மாறிச்சு. தும்பிக்கை வெச்ச ‘லை’, ‘னை’, சுழிச்சு எழுதுற ‘றா’, ‘ணா’ இன்னும் அவங்க கையில இருக்கு. அழகாத்தான் இருக்கும். ஆனா புள்ளை புஸ்தகத்துல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு பார்த்தா திணறும்.

26 அக்டோபர் | மழலை வகுப்பு, மயிலை

உப்புத்தாள் எழுத்து செய்முறை. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரியின் முறை, அடையாறிலிருந்தே நாட்டில் பலருக்குப் பயிற்சி போனது.

120-ஆம் நம்பர் உப்புத்தாள், கெட்டி அட்டை, ஃபெவிகால். எழுத்து 4 அங்குல உயரம், கோட்டின் அகலம் 1 செ.மீ. 60-ஆம் நம்பர் வாங்கினால் பிஞ்சு விரலைக் கீறும். தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டுபவர்கள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரைய வேண்டும், இல்லாவிட்டால் வெட்டியபின் ‘ட’ இடப்பக்கம் பார்த்து நிற்கும். தாள் போச்சு. தொடங்கும் இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் சேர்த்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, எழுத்துக்கு மூன்று முறை. சீக்கிரம் முடித்துவிட்டானே என்று பத்து முறை தடவவைத்தால் நாளைக்கு அட்டையைப் பார்த்ததும் ஓடிவிடுவான்.

தடவிய உடனே ரவைத் தட்டு. கறுப்புத் தட்டில் ரவை அரை செ.மீ. உயரம், அதற்கு மேல் போட்டால் கோடு மூடிக்கொள்ளும். அரிசியைவிட ரவை மேல், கோடு கூர்மையாகத் தெரியும். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

2 நவம்பர் | பெரம்பூர் வாசகி

‘ஆவின்’ படிக்கிறான்! பால் பாக்கெட், பூத் போர்டு எல்லாத்துலயும். 29சி பஸ் வந்தா “பெசன்ட் நகர்”ங்கிறான். படிக்க ஆரம்பிச்சுட்டானா?

2 நவம்பர் | மழலை வகுப்பு, மயிலை

ஒரு சோதனை. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் ‘ஆவின்’ என்று எழுதிக் காட்டுங்கள்.

3 நவம்பர் | பெரம்பூர் வாசகி

“தெரியாது”ன்னுட்டான். “அ மாதிரி இருக்கு”ன்னான்.

3 நவம்பர் | மழலை வகுப்பு, மயிலை

அதுவரை அவன் படித்தது நிறத்தை. ஆனாலும் நல்ல சகுனம், கிறுக்கலுக்குள் அர்த்தம் இருக்கிறது என்று பிடித்துவிட்டான். “அ மாதிரி” என்றதுதான் அவன் நிஜமாகப் படித்த முதல் எழுத்து. பாக்கெட்டைக் கத்தரித்து, அதன் கீழே கையால் எழுதிய ‘ஆவின்’ ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாக்கெட்டை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் விடுங்கள். பஸ் நம்பருக்கும் இதேதான்.

9 நவம்பர் | ஒன்றாம் வகுப்பு டீச்சர், வியாசர்பாடி

மழையில வெளிய போக முடியாத நாளுக்கு: கதை வாசிச்சுக் காட்டுங்க. சொல்லிக் காட்டுறது வேற, வாசிச்சுக் காட்டுறது வேற. நம்ம புள்ளைங்க வீட்டுல கேக்குறது “குருவி பறந்து போய்டுச்சு”, புஸ்தகத்துல இருக்கிறது “குருவி பறந்து சென்றது”. எழுத்து கூட்டிச் ‘சென்றது’ன்னு சரியா படிச்ச புள்ளை, அப்படி ஒரு சொல்லைக் காதால கேட்டதே இல்லைன்னா, தப்பாப் படிச்சுட்டோமோன்னு முழிக்கும். வாயப்பயம் சாப்பிடுற ஊர்ல ‘வாழைப்பழம்’ படிக்கணும்.

முதல் நாள் நம்ம பேச்சுல கதையைச் சொல்லுங்க. ரெண்டாம் நாள்லேர்ந்து அச்சுல உள்ளதை மாத்தாம, சொல்லுக்குக் கீழே விரல் ஓட்டி வாசிங்க. பத்து நிமிஷம், ஒரே புஸ்தகம், ஒரு வாரம். அஞ்சாவது நாள் வேணும்னே ஒரு சொல்லை மாத்துங்க, “தப்பு!”ன்னு கத்துவாங்க. பக்கத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரி உள்ள புஸ்தகம் போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல முதல் மாடி குழந்தைகளுக்கு. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதை இலவசம், நிலை போட்டு இருக்கும். போன்ல காட்டாம பிரிண்ட் எடுங்க, பக்கம் திருப்புறதும் பாடம்தான்.

11 நவம்பர் | ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அண்ணா நகர்

சுருக்கமாக, எப்போது காட்ட வேண்டும்: புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவது, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது, டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது, அடிக்கடி காதுவலி, ஐந்து வயதில் அசைத் தட்டல் பிடிபடாதது. முதலில் கண், காது. 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரில் இருக்கின்றன. எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போடுவது ஆறு, ஏழு வயதுவரை சாதாரணம், அதற்காக ஓடி வர வேண்டாம்.

17 டிசம்பர் | மழலை வகுப்பு, மயிலை

மார்கழி பிறந்துவிட்டது. கோலமாவை விட நல்ல விரல் பயிற்சி கிடையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை நழுவவிடும் அசைவு, பென்சிலுக்கு வேண்டிய அதே அசைவு. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. முதல் வாரம் புள்ளி மட்டும் வைக்கட்டும். பிறகு புள்ளிகளை நேர்கோட்டில் சேர்க்கட்டும். புள்ளியைச் சுற்றி வளையும் கம்பிக் கோலம் பிறகு, சுழி எழுத்துகளுக்கு அதுதான் ஒத்திகை. மாவு மொத்தமாகக் கொட்டினால் பிடி தளர்வு, வரவே வராவிட்டால் ஈரம். கோலமாவோடு கொஞ்சம் அரிசிமாவு கலந்தால் சின்னக் கைக்குச் சீராக விழும்.

பென்சிலுக்கு வந்துவிட்டவர்களுக்கு: முதலில் ஒரு அங்குலக் கட்டம் போட்ட நோட்டு, நாலு வரி நோட்டு அப்புறம். எச்.பி.யைவிட 2பி, அழுத்தாமலே கறுக்கும். ஸ்லேட்டுக் குச்சி உரசி நிற்பதால் கைக்கு நல்ல கட்டுப்பாடு வரும். தின்றால் மட்டும் கவனியுங்கள், இரும்புச்சத்துக் குறைவா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். எச்சில் தொட்டு அழிப்பதற்குப் பதில் ஈரப் பஞ்சு. அந்தக் காலத்தில் கோவை இலை வைத்து அழிப்பார்கள், வேலியில் இப்போது கோவை எங்கே இருக்கிறது.

11 ஜனவரி 2026 | பெரம்பூர் வாசகி

மூணு விரல்ல பிடிக்கிறான், நாலஞ்சு தடவை ஞாபகப்படுத்தணும். ‘அ’ இன்னும் வரலை, மிஸ் ஒத்துக்கிட்டாங்க. ஆனா ‘ட’ கண்டுபிடிச்சதுலேர்ந்து ஹால் சுவர் பூரா ட, ட, ட. பாதி சாக்பீஸ், பாதி கிரேயான். வாடகை வீடு. ஓனர் பொங்கலுக்கு வர்றார்.

11 ஜனவரி | மழலை வகுப்பு, மயிலை

சாக்பீஸுக்கு ஈரத்துணி. கிரேயானுக்கு, எமல்ஷன் அடித்த சுவர் என்றால், நனைத்துப் பிழிந்த துணியில் ஆப்பசோடா தொட்டு வட்டமாக, மெல்லத் தேயுங்கள். டிஸ்டெம்பர் என்றால் தொடாதீர்கள், சுவரே கையோடு வரும். அந்த இடத்தில் கறுப்பு சார்ட் ஒட்டிவிடுங்கள், அவன் கண் உயரத்துக்கு. ஓனர் கேட்டால் பையன் படிக்கிறான் என்று சொல்லுங்கள்.